தொரைக்கு எடுத்த நீர்மாலை

பன்னீர்ப்பாறை எஸ்டேட்டில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்த இடமெல்லாம் சேறாகி, அந்தச் சேற்றையும் மழை விடாமல் பிசைந்துகொண்டிருந்த நாட்களில், முத்துப்பேச்சியின் பின்னால் நாவலோடை வர ஆரம்பித்தது. நாய் வருவதுபோல வந்தது என்று சொல்லலாம். ஆனால் நாயாவது நடுவழியில் நின்று எதையாவது மோந்து பார்க்கும், இது அதைக்கூடச் செய்யவில்லை. அவள் கக்கூசுக்குப் போனால் வாசலில் சுருண்டு கிடந்தது, கஞ்சிக்கு வரிசையில் நின்றால் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தவர்கள் முதல் நாள் பயந்து பாய்களைச் சுருட்டி பெஞ்சுக்கு மேலே வைத்தார்கள், மறுநாள் அதிலேயே தட்டைக் கழுவினார்கள், அதற்கும் மறுநாள் "பேச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காரேன், துணி அலசணும்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த லைன்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது செத்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நாவலோடைக்குப் போவார்கள். சங்கு முன்னால் ஊதிக்கொண்டு போக, நாலு பேர் நாலு முனையில் பிடித்த வேட்டி மேலே பந்தலாக நிற்க, செத்தவரின் பிள்ளையோ பேரனோ தண்ணீர் மொண்டு, தோளில் ஏற்றி, திரும்பிப் பார்க்காமல் வருவான். உடம்பை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவார்கள். அதற்கு நீர்மாலை என்று பேர். எடுத்த குடத்தைக் கீழே வைக்கக் கூடாது, வேறெதற்கும் செலவழிக்கக் கூடாது, அந்தத் தண்ணீர் ஒரு உடம்பின் மேல் விழுந்தே ஆக வேண்டும்.

முத்துப்பேச்சியின் மகள் கோபிகா பரீட்சைக்குப் படித்துவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலையில்தான் மலை இறங்கியது. முத்துப்பேச்சி எதிர்ச் சரிவில் இருந்த ஃபேக்டரியில் கொழுந்தை உலரப் பரப்பிக்கொண்டிருந்தாள், ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். கிளம்பும்போது மகளை எழுப்பாமல் வந்தாள், போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தாள். எழுப்பியிருக்கலாம் என்ற ஒரு நினைப்புதான் அதற்கப்புறம் அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கூடவே ஒரு சிரிப்பும் வந்தது, அது அவளுடைய சிரிப்பல்ல, எஸ்டேட் முதலாளி கிருபாகரன் தொரையின் சிரிப்பு.

எஸ்டேட் உச்சியில் கண்ணாடிக் குடில்களும் நீச்சல்குளமும் வைத்து விடுதி கட்டுவதற்காக, ஓடை இறங்கி வரும் பள்ளத்தை லாரி லாரியாக மண் கொட்டி மூடியவர் அவர்தான். லைன் ஆட்கள் கூட்டமாகப் போய், "தொரை, அது தண்ணி வர்ற பாதை" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னபோது, "தண்ணிக்கென்ன, வேற வழி பாத்துப் போயிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மழையில் தண்ணீர் வேறு வழி பார்த்தது. பார்த்த வழியில் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. தொரை அன்றைக்கே காரில் ஏறி, மூன்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் சொந்த பங்களாவுக்குப் போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை, முகாமுக்குக் கம்பளி அனுப்பினார். ஒவ்வொரு கம்பளியிலும் 'அன்புடன் கிருபாகரன்' என்று நெஞ்சுக்கு நேராகக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பெயரைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள், குளிர் அப்படி.

தவறு நடந்தது சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான். பொக்லைன் ஓட்டுகிறவன் "ஏதோ தெரியுது, ஏதோ தெரியுது" என்று கத்தினான். முத்துப்பேச்சியின் வீடு இருந்த இடம் அது, தெரிந்தது பாவாடைத் துணியின் நிறம். உடம்பு கிடைத்துவிட்டது என்று முகாமே எழுந்து ஓடியது. லைன் சாவுகளையெல்லாம் முன்னின்று நடத்துகிற மாசாணம் சங்கை எடுத்தார். நீர்மாலை எடுக்க அவள் வீட்டில் ஆண் பிள்ளை யாரும் இல்லை என்பதால் முத்துப்பேச்சியே குடத்தைத் தூக்கினாள், ஊரைக் கொன்ற அந்த ஓடையிலேயே மொண்டாள், திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வந்து பார்த்தால் பொக்லைன் தூக்கி வைத்திருந்தது ஒரு சுருட்டிய மெத்தை.

மாசாணம் சங்கை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். பிறகு, "தாயி, குடத்தை வச்சிராத. கூப்பிட்டாச்சு, தண்ணி வந்தாச்சு. இனி ஒரு உடம்பு இல்லாம அது அடங்காது" என்றார். அப்போதுதான் முத்துப்பேச்சியின் பின்னால் நின்றவர்கள் தங்கள் கால் நனைவதைக் கவனித்தார்கள்.

இன்னும் பலர் சேற்றுக்குள் இருக்கும்போதே, தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று அதிகாரி வந்து சொன்னார். உடல் கிடைக்காமல் இறந்ததாக எழுத முடியாது, காணவில்லை என்றுதான் எழுத முடியும் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், ஓடை தன் பூட்ஸை நனைத்ததைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் முத்துப்பேச்சி, குடம் இடுப்பில் இருக்க, "அப்ப நான் ஒரு உடம்பத் தேடிப் போறேன்" என்றாள்.

"யாரு உடம்ப?" என்று கேட்டார் மாசாணம்.

அவள் அவர் தோளில் கிடந்த கம்பளியில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரத்திலிருந்து வந்த நிவாரண மூட்டைகளில், கல்யாணச் சட்டைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற பெரிய முதுகுப் பை ஒன்று கிடந்தது. அதில் குடத்தை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துணியைத் திணித்து, பட்டையை நெஞ்சிலும் இடுப்பிலும் இறுக்கி விட்டார்கள். ஒருத்தி ரொட்டிப் பொட்டலம் கொடுத்தாள். இன்னொருத்தி, இரண்டு பிள்ளைகளைச் சேற்றில் விட்டவள், காதோடு வாயை வைத்து, "நல்லா ஊத்திட்டு வா" என்றாள்.

பஸ்ஸில்தான் போகப் பார்த்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார், படியில் ஏறி நின்ற ஓடையைப் பார்த்தார், "லக்கேஜ்னா டிக்கெட் போடலாம்மா, இதுக்கு நான் என்னத்தப் போட? உக்காந்திருக்கவங்க காலெல்லாம் நனையுதுல்ல?" என்று விசிலை ஊதிவிட்டார். ஆகவே முத்துப்பேச்சி நடந்தாள். கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்குப் பை ஒன்றும் பெரிய பாரமில்லை. தேயிலை முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்தது, காடு முடிகிற இடத்தில் புல்மேடு ஆரம்பித்தது, புல்மேடு முடிகிற இடத்தில் பாறையும் பனியும் மட்டும் இருந்தன. தன்னந்தனியாக அவள் ஏற ஏற, இறங்குவதற்கென்றே பிறந்த தண்ணீர் அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டு முக்கி முனகி மேலே ஏறியது. அட்டை கடித்த இடத்தில் அவளே எச்சில் தொட்டு வைத்துக்கொண்டாள், கால் பிசகியபோது அவளே துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள், தூங்கும்போது பையை மரக்கிளையில் தொங்கவிட்டு அதன் கீழே கம்பளியில் சுருண்டாள். யானைகள் அவளுக்கு வழிவிட்டு நின்று, அவள் கடந்த பின் ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. தனியாக நடக்கிறோமே என்று அவள் பயப்படவில்லை, கோபத்தோடு நடக்கிறவளுக்குத் துணை தேவைப்படுவதில்லை.

வனத்துறைச் சோதனைச்சாவடியில் ஒரு காவலர் மறித்தார். "ஓடையக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக அனுமதி வாங்கியிருக்கியா?" என்றார்.

"நான் கூட்டிட்டுப் போகல சார், அதுவா வருது."

அவர் வயர்லெஸ்ஸில் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி யோசித்துவிட்டு, அதில் மீன் இருக்கிறதா என்று கேட்டார். மீன் இருந்தால் அது வேறு துறை. காவலர் குனிந்து நெடுநேரம் பார்த்தார், இல்லை என்றார். அப்படியானால் அது வெறும் ஈரம்தான், விட்டுவிடு என்று பதில் வந்தது.

இரண்டாம் மலையின் முதுகில் காத்தாடிமேடு என்றொரு ஊர் இருந்தது. மேகம் தொட்டுவிட்டுப் போகும், மழை பெய்யாது, அப்படிப்பட்ட ஊர். பெண்கள் மலையடிவாரத்துக்கு இறங்கித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். முத்துப்பேச்சி தெருவுக்குள் நுழைந்ததும் யாரும் வாயைப் பிளக்கவில்லை, குடத்தைத் தேடி ஓடினார்கள். முதல் நாள் ஓடையைக் கும்பிட்டார்கள், மஞ்சள் பூசினார்கள், எல்லா மாட்டையும் எல்லாப் பிள்ளையையும் குளிப்பாட்டினார்கள். இரண்டாம் நாள் தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது என்று குறை சொன்னார்கள். மூன்றாம் நாள், அவள் தங்கியிருந்தது மேலத்தெரு என்பதால் ஓடையும் மேலத்தெருவிலேயே கிடந்தது, கீழத்தெருக்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். கடைசியில் முத்துப்பேச்சி காலையில் மேலத்தெருவிலும் மாலையில் கீழத்தெருவிலும் உட்கார வேண்டும் என்று பஞ்சாயத்து பேசி முடித்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கால் வீங்கிக் கிடந்ததால் அவளும் உட்கார்ந்தாள்.

ஊர்த் தலைவி ஒச்சம்மாவுக்கு மட்டும் அவள் எங்கே போகிறாள் என்பது தெரிந்துபோயிற்று. ஒச்சம்மா சுற்றிவளைக்கத் தெரியாதவள். "அக்கா, இங்கயே இருந்துரு. வீடு தர்றோம், ரேஷன் கார்டுல பேரு சேத்துவிடுறேன். ஒனக்கு ஒரு ஒடம்புதான வேணும்? எங்க வீரணன் மாமா ஒண்ணு ரெண்டு நாள்ல போயிருவாரு. அவரு மேல ஊத்திட்டா தண்ணி இங்கனயே நிக்கும்ல?"

வீரணன் அதற்குச் சம்மதித்து, புதுவேட்டி கட்டி, பந்தல் போட்ட முற்றத்தில் வடக்கே தலை வைத்துப் படுத்தும்விட்டார். ஆனால் சாவதாகச் சொன்ன ஆளுக்கு ஓடைத் தண்ணீரைக் குடித்ததில் தெம்பு வந்து, கறிக்குழம்பு கேட்டார். ஊரே அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவருக்கே கூச்சமாகப் போய், முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, "ஆத்தா, செத்தாத்தான் ஊத்தணும்னு என்ன சட்டம்? உசுரோட இருக்கவே ஊத்து. ஊருக்காவது தண்ணி கெடைக்கும்" என்றார்.

"உசுரோட ஊத்தலாம்னுதான்யா நானும் கெளம்பியிருக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி. "ஆனா நீங்க என்ன பாவம் பண்ணீங்க?"

அன்று சாயங்காலம் அவள் நிஜமாகவே யோசித்தாள். இந்தத் தெருவில் பாவாடை நனைய ஆடுகிற பெண் பிள்ளைகளைப் பார்த்தாள், அவர்களுடைய குடங்கள் அடிவாரத்துக்கு இனி இறங்க வேண்டாம் என்பதையும் பார்த்தாள். ஊற்றிவிடலாம் என்றே முடிவு செய்துகொண்டு படுத்தாள். விடிந்ததும் கண்ணைத் திறந்தால், கழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'அன்புடன்' என்று இருந்தது. அவ்வளவுதான், எழுந்து பையை மாட்டிவிட்டாள்.

தெரு நெடுக, தண்ணீர் தரையைவிட்டு நகர நகர, பெண்கள் சொம்பால் கடைசி ஈரத்தை வழித்து எடுத்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, அவள் மகளைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர் எல்லைவரை கூடவே வந்த ஒச்சம்மாதான் கேட்டாள். "எல்லாஞ் சரிக்கா. அந்த ஆளு மேல ஊத்திப்புட்டா, நாளைக்கு ஒம் மக கெடைச்சா அவளுக்கு எதை ஊத்துவ?"

முத்துப்பேச்சி பையின் பட்டையை இறுக்கிக்கொண்டாள். அந்தக் கேள்வியையும் தூக்கிக்கொண்டுதான் மூன்றாம் மலை ஏறினாள். குடத்தைவிட அது கனத்தது. திரும்பிப் போய்விடலாம், சேற்றோரம் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றியது. ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சிரிப்பு கேட்டது.

தொரையின் பங்களா புல்தரையும் ரோஜாவுமாக இருந்தது. அவர் வெளியே நாற்காலி போட்டு, மேசையில் வரைபடத்தை விரித்து, அடுத்த விடுதிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். கிழிந்த சேலையும் முதுகில் பையுமாக ஒருத்தி கேட்டைத் தாண்டி வருவதைக் கண்டு முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவள் போர்த்தியிருந்த கம்பளியில் தன் பெயரைப் படித்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"பன்னீர்ப்பாறை முகாம்லேர்ந்தா வர்றீங்க? நடந்தேவா? அட, கம்பளிக்கு நன்றி சொல்லவா இவ்வளவு தூரம்?"

"ஆமா தொரை."

"என்னம்மா அது குடத்துல?"

"நாவலோடைத் தண்ணி. எங்க ஊரு மொறை தொரை. தலையில ஊத்தணும்."

மாலையும் பொன்னாடையும் வாங்கிப் பழகிய கழுத்து அது. அவர் வேலைக்காரனைக் கூப்பிட்டு, கைபேசியைக் கொடுத்து, படம் எடுக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், கையைக் கூப்பினார், கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். முத்துப்பேச்சி குடத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். கோபிகாவின் முகம் வந்தது. ஒச்சம்மாவின் கேள்வி வந்தது. தூக்கிய குடம் அவர் தலைக்கு மேலேயே நின்றது. அவர் கண்ணை மூடியபடியே, "ம், ஊத்துங்கம்மா, வெயில் போயிரும்" என்று சிரித்தார்.

ஊற்றிவிட்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல், உச்சியிலிருந்து பாதம்வரை, லைன் வீடுகளில் பிணத்துக்கு ஊற்றுவதுபோல வலமிருந்து இடமாக ஊற்றினாள். அவள் பின்னால் நின்ற ஓடை நெடுமூச்சு விட்டு, புல்தரையில் படுத்துவிட்டது.

வேலைக்காரன் கைபேசியை இறக்கி, காலி நாற்காலியைப் பார்த்து, "ஐயோ, அம்மா, ஐயா போயிட்டாங்க" என்று அலறினான். மனைவி ஓடிவந்து ஈர நாற்காலியில் விழுந்து அழுதாள். கிருபாகரன் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "நான் இங்கதான்டி இருக்கேன்" என்றார். அவள் தோளில் கொசுவைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டு மறுபடி அழுதாள். மதியத்துக்குள் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்தன, கூப்பிய கையும் குனிந்த தலையுமாக இருந்த அந்தக் கடைசிப் படத்தைப் போட்டு ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள், வந்தவர்கள் அவர் மேலேயே உட்காரப் பார்த்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து, உடல் இல்லாமல் இறந்ததாக எழுத முடியாது, காணவில்லை என்றுதான் எழுத முடியும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மகன் ஒரு வாரம் துக்கம் காத்தான். பிறகு புல்தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்து, இரண்டு படகு வாங்கி விட்டான், கூட்டம் அம்மியது. அப்பா இருந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள், பக்கத்தில் நின்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

முத்துப்பேச்சி அதுவரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

அவளுடைய கண்ணுக்கு மட்டும்தான் அவர் தெரிந்தார், அவளுடைய காதுக்கு மட்டும்தான் கேட்டார். கடைசியில் அவளிடமே வந்து நின்றார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. நான் இருக்கேன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க. என்ன வேணும்னாலும் செய்றேன்."

"நடங்க தொரை" என்றாள்.

காலிக் குடம் முதுகில் கடகடக்க அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார். அவருக்குப் பசிக்கவில்லை, கால் வலிக்கவில்லை, அட்டைகூட அவரைத் தொடவில்லை; அதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது. காத்தாடிமேட்டில் ஒச்சம்மா குடத்தை எட்டிப் பார்த்தாள், தன் குடத்தை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிப் போனாள். முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தெருவைக் கடந்தாள்.

பன்னீர்ப்பாறையில் பொக்லைன் இல்லை, முகாம் இல்லை, சேற்றின் மேல் புல் துளிர்த்திருந்தது. முத்துப்பேச்சி தன் வீடு இருந்த இடத்தைக் காட்டி, "தோண்டுங்க தொரை" என்றாள். பக்கத்து டிவிஷனில் குடியேறியிருந்த மாசாணமும் மற்றவர்களும் பார்க்க வந்தார்கள். மண் தானாகத் தோண்டப்பட்டு ஒரு பக்கமாக விழுவதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, தொரை வந்திருக்காரு என்று அவர்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வேலைக்குப் போகும்போது அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அவர் கையாலேயே தோண்டினார். களைப்பு வராத உடம்பு, மழையிலும் வெயிலிலும் தோண்டியது. ரேடியோ வந்தது, அம்மிக்கல் வந்தது, பரீட்சைப் புத்தகம் ஒன்று வந்தது. முத்துப்பேச்சி ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகொரு காலையில் அவர் கை நின்றது. "அம்மா" என்றார். "அம்மா, இங்க ஒரு பொண்ணு."

குளிர்ந்த சேறு கோபிகாவை அப்படியே வைத்திருந்தது. போர்வை இழுத்துவிட்டபடியே இருந்தது. முத்துப்பேச்சி மகளை மடியில் போட்டுக்கொண்டாள். மாசாணம் சங்கோடு ஓடிவந்தார், வந்து காலிக் குடத்தையும் வறண்ட ஓடைத் தடத்தையும் பார்த்து நின்றுவிட்டார். அந்த மலையில் நீர்மாலை எடுக்க ஒரு கை ஓடைத் தண்ணீர் இல்லை. பெற்ற பிள்ளையின் தண்ணீரைக் கொண்டுபோய் எவனோ ஒருவன் தலையில் கொட்டிவிட்டு வந்தேனே என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், வருத்தப்பட்டாள், மலை எதிரொலிக்க வருத்தப்பட்டாள். அழுது முடித்து, சேலைத் தலைப்பை நாக்கில் வைத்து ஈரமாக்கி, மகளின் நெற்றியைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற நாட்களில் துடைத்ததுபோலக் காதுக்குப் பின்னாலும் துடைத்தாள். வாய் வறண்டபோது காத்திருந்து, எச்சில் ஊறியதும் மறுபடி துடைத்தாள்.

கிருபாகரன் குழிக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டது, அழுதார், உண்மையாகவே அழுதார். "அம்மா, கெடைச்சாச்சே" என்றார். "இனியாவது என்னை விட்டுருவீங்களா?"

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வீடு அந்தப் பக்கம், தொரை."